கப்பலேறி வந்த பெண்களின் காவலர் – கரோலின் சிஸம் அம்மையார்

பிழைப்புத் தேடிக் கடல் கடப்பது நம் புதுக்கோட்டை மாவட்டத்தாருக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் நம் முன்னோர் சென்றனர். அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மாரும் இன்று நம்மிடையே உண்டு. போய் இறங்கும் இடத்தில் யார் கையில் சிக்குவோமோ என்ற அச்சம் அன்றும் இன்றும் ஒன்றே. அந்த அச்சத்தைப் போக்க உழைத்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே அறிந்துகொள்வோம். அவர் சில ஆண்டுகள் நம் சென்னையில் வாழ்ந்தவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

கரோலின் 1808ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் நகருக்கு அருகில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1830இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியான ஆர்ச்சிபால்டு சிஸம் என்பவரை மணந்தார். ஏழைகளுக்குத் தாம் செய்யும் பணிக்குத் தடை சொல்லக்கூடாது என்று மணத்துக்கு முன்பே நிபந்தனை விதித்தாராம்! கணவர் கத்தோலிக்கர், கரோலினும் அம்மறையைத் தழுவினார். சென்னைக்கு வந்தபின், கவனிப்பாரற்றுத் திரிந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் பெண்மக்களுக்காக 1834இல் ஒரு தொழிற்பள்ளியைத் திறந்தார். எழுத்து, படிப்பு மட்டுமன்றிச் சமையல், நோயாளரைப் பேணுதல், வரவு செலவுக் கணக்கு ஆகியவையும் அங்கே பாடங்கள். நம் தமிழ்ச் சிறுமியருக்காகத் திறந்த பள்ளியன்று அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணவருக்கு விடுப்புக் கிடைக்கவே, 1838இல் குடும்பம் ஆஸ்திரேலியா சென்றது. 1840இல் கணவர் மீண்டும் பணிக்குத் திரும்ப, அம்மையார் பிள்ளைகளுடன் அங்கேயே தங்கினார். அப்போதுதான் சிட்னித் துறைமுகத்தின் அவலம் அவர் நெஞ்சை உறுத்தியது. குடியேறுவோரைக் கொண்டுவரும் கப்பல்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தது. கரையில் இறக்கிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. துணையின்றி வந்த ஏழை இளம்பெண்கள் தங்க இடமின்றித் தெருவில் படுத்தனர். தீயோர் வலையில் விழுந்தவர்களும் பலர்.

அம்மையார் ஆளுநர் கிப்ஸ் துரையிடம் மனு மேல் மனுவாக அனுப்பினார். அரசுக்குச் செலவு வரக்கூடாது என்ற உறுதியின்பேரில் 1841இல் ஒரு பழைய கட்டடத்தின் பகுதி கிடைத்தது. முதல் இரவு விளக்கை அணைத்ததும் எலிகள் படைபோல் வந்தனவாம்! ஓடிவிடத்தான் நினைத்தார், ஆனால் ரொட்டியும் தண்ணீரும் வைத்து எலிகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, விடியும்வரை விழித்திருந்தார். பிறகு நஞ்சு வைத்து ஒழித்தார். 96 பெண்கள் வரை தங்கும் இல்லம் அங்கே உருவாயிற்று.

நகரில் வேலை போதவில்லை. ஆகவே அம்மையார் தாமே குதிரையேறி முன்செல்ல, பெண்களை வண்டிகளில் உள்நாட்டுப் பண்ணைகளுக்கு அழைத்துச் சென்றார். நல்ல குடும்பமா என்று பார்த்த பிறகே பெண்ணை விட்டுவந்தார். கூலி எவ்வளவு, என்ன வேலை என்று எழுதிய ஒப்பந்தம் மூன்று படிகள்: எஜமானருக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இல்லத்துக்கு ஒன்று. ஏமாற்ற நினைத்தவருக்கு அந்தக் காகிதமே பெருந்தடை. அவர் செய்தவற்றுள் இதையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். கப்பலில் ஒரு பெண்ணைக் கொடுமைப்படுத்திய தலைவரையும் மருத்துவரையும் 1842இல் நீதிமன்றத்தில் நிறுத்தி, சிறைத் தண்டனையும் வாங்கித் தந்தார்.

1846இல் இங்கிலாந்து திரும்புமுன் ஏறக்குறைய 11,000 பேருக்கு வாழ்வு அமைத்துக் கொடுத்திருந்தார். எந்தச் சபையினர் என்று பார்க்கவில்லை. ஆயினும் கத்தோலிக்கரை நிரப்புகிறார் என்று பழித்தவர்கள் உண்டு. 1849இல் லண்டனில் ஒரு கடன் சங்கம் தொடங்கினார். ஏழைக் குடும்பம் சிறுகச் சிறுகச் சேமித்ததுபோகக் கப்பல் கட்டணத்தில் குறைந்த தொகையைச் சங்கம் வட்டியின்றிக் கொடுக்கும். அங்கே சம்பாதித்துத் திருப்ப வேண்டும். எழுத்தாளர் டிக்கன்ஸ் தம் இதழில் இதற்கு ஆதரவளித்தார். பின்னர் ஒரு நாவலில், வீட்டை மறந்து ஊருக்கு உழைக்கும் பெண்ணாக அவரைக் கேலியும் செய்தார்!

1854இல் மீண்டும் ஆஸ்திரேலியா சென்று, தங்கச் சுரங்கங்களுக்கு நடந்து செல்வோருக்காக வழிநெடுகத் தங்குமிடங்கள் அமைக்கச் செய்தார். நோயும் வறுமையும் வாட்ட, 1866இல் இங்கிலாந்து திரும்பினார். 1877 மார்ச் 25ஆம் நாள் லண்டனில் மறைந்தார். 1967இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட ஐந்து டாலர் நோட்டில் அவர் முகம் இடம்பெற்றது. நார்தாம்ப்டனில் அவரை அடக்கம் செய்த கல்லறையிலேயே, அதே ஆண்டில் மறைந்த கணவரும் துயில்கிறார்.