தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்திலும், அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலுமுள்ள ஆலயங்களில் ஞாயிறுதோறும் இருவகைப் பாடல்களைக் கேட்கின்றோம். ஒன்று பாமாலை; ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய தேசத்து மெட்டுக்களில் அமைந்தது. மற்றொன்று கீர்த்தனை, பல்லவி, அநுபல்லவி, சரணமென நம் நாட்டு முறையில் இராக தாளங்களோடு நடப்பது. ஒரே ஆராதனையில் இரண்டும் அடுத்தடுத்து வருதலை நாம் இயல்பென எண்ணிவிடுகின்றோம். இதன்பொருட்டு ஒருவர் தம் உத்தியோகத்தையே இழக்க நேர்ந்ததென்பதை நினைப்பார் சிலரே. அவர்தாம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்.

அன்னார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் என்பார். சுவார்ட்ஸ் ஐயர் இச்சிறுவரின் கூர்மையைக் கண்டு, பன்னிரண்டு பிராயமளவில் தஞ்சைக்கு அழைத்துச் சென்று தம் மகன்போல் வளர்த்தார். ஐயரின் பாதுகாப்பிலிருந்த இளவரசர் சரபோஜி அவருக்கு நண்பரானார். பின்பு தரங்கம்பாடியில் லுத்தரன் குருமாரிடம் வேதசாஸ்திரத்தோடு வானநூலும் பூமிசாஸ்திரமும் கற்றார். பத்தொன்பதாம் பிராயத்தில் தஞ்சை மிஷன் பாடசாலைக்குத் தலைமை ஆசிரியரானார். அதே பிராயத்தில் நாமோ இன்னும் நன்னூற் சூத்திரங்களோடு மல்லாடிக்கொண்டிருக்கின்றோம்!

அவர் ஜெர்மானிய ஞானப்பாட்டுக்களைக் கேட்டே வளர்ந்தவர், அவற்றை வெறுத்தாரல்லர். ஆயினும் தமிழன் தெருவிலும் கோயில் மண்டபத்திலும் கேட்டு மகிழும் இசையும் கூத்தும் திருச்சபைக்கு ஆகாவென்பதை அவர் மனம் ஒப்பவில்லை. 1800-இல் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். குறவஞ்சியில் தலைவன் உலாவருவான். தலைவி மையல் கொள்வாள். குறத்தி குறி சொல்வாள். குறவன் பறவை பிடிக்க வருவான். இவ்வமைப்பைச் சிறிதும் குலைக்காது, உலாவருபவர் கிறிஸ்து, தேவமோகினியாகிய தலைவி திருச்சபை, குறி சொல்பவள் விசுவாசம், வலைவீசுவோன் ஆத்துமாக்களைச் சேர்க்கும் உபதேசி என மாற்றினார். தரங்கம்பாடியிற் கற்ற கோளங்களின் கணக்கும் அதனுள் இடம்பெற்றது! அதே தஞ்சையில் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். ஒரே ஊர், ஒரே யாப்பு. ஒன்று பெரிய கோயிலுக்கு, மற்றொன்று பெத்லகேமுக்கு. நொண்டி நாடகம், மாலை முதலிய பிற வகைகளையும் அவர் விட்டாரில்லை.

சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் மறைந்தார். பின்வந்த புதிய மிஷனெரிமார் பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றினர். பண்டிகை அலங்காரங்களை விலக்கினர். தமிழ்ச் சங்கீதத்தை ஆராதனையினின்று நீக்கினர். சபையிற் சாதி வேற்றுமை கூடாதென்றனர். சாஸ்திரியார் இந்நான்கையும் கொடுமையென்றே எழுதினார். இங்கே நாம் ஒன்றை மறைத்தல் தகாது. மெட்டுக்களுக்கெல்லாம் வாயில் திறந்த அப்பெரியார், மனிதர்க்கு அதைத் திறக்க மறுத்தார். சபையிற் சாதிவாரியாக அமர்தலையும், இராப்போஜனத்தில் வேற்றுமை பாராட்டுதலையும் ஆதரித்து வாதாடினார். சங்கீதத்தில் அவர் பக்கம் நியாயம். சாதியில் மிஷனெரிமார் பக்கம் நியாயம். இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டியதே இருசாராரும் செய்த பிழையென்பது நமது எண்ணம்.

1829-இல் மிஷன் அவரைப் பணியினின்று விலக்கியது. அப்போது கைகொடுத்தவர் சைவராகிய சரபோஜி மன்னர். தம் பழைய நண்பரை அரண்மனைக் கவிஞராக அமர்த்தினார். 1832-இல் மன்னர் இறந்தபின் அவ்வாதரவும் நின்றது. சாஸ்திரியார் பாடுவதை நிறுத்தவில்லை.

இனித் திண்டுக்கல்லுக்கு வருவோம். அமெரிக்க மதுரை மிஷன் 1835 முதல் இங்கு ஊழியம் செய்தது. அம்மிஷன் சாதியை விட்டொழிக்க வேண்டுமென 1847-இல் கண்டிப்பான விதி செய்தது. தஞ்சையாரினும் கடுமையானவரென்றே சொல்லலாம். ஆயினும் அம்மிஷனைச் சேர்ந்தவரும் திண்டுக்கல்லில் ஊழியம் செய்தவருமான எட்வர்டு வெப் ஐயர், ஜனங்கள் தங்கள் இராகத்திற் பாடினாலன்றிப் பாட்டு உள்ளத்தில் தங்காதென உணர்ந்து, 1853-இல் தமிழ்க் கிறிஸ்தவ கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிடுவித்தார். அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் மிகுதியாய் இடம்பெற்றன. ஆக, முடிச்சை அவிழ்த்தவர் வெப் ஐயரே: சாதியைத் தள்ளினார், இசையைக் கொண்டார். சாஸ்திரியார் தம்மோடு சமமாக அமர்த்த விரும்பாத குலத்தாரும் அக்கீர்த்தனைகளைத் தமதெனப் பாடலாயினர்.

அந்த இசையும் எல்லாருக்கும் உரியதன்று, மேற்சாதியாரின் இசையே என்று பின்னாளிற் கூறியவரும் உளர். மதுரை அரசரடி இறையியற் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற மெட்டுக்களால் ஆராதனை முறைமையே அமைத்தார். பாமாலை மட்டும் போதுமென்றவரிடம் சாஸ்திரியார் தொடுத்த வழக்கையே இவர் கீர்த்தனைக்கெதிராகத் தொடுத்தாரென நமக்குத் தோன்றுகின்றது.

வெப் ஐயரின் நூல் வெளிவந்தபோது சாஸ்திரியார்க்கு எழுபத்தொன்பது பிராயம். பணியிழந்து 35 ஆண்டுகளின்பின், 1864 ஜனவரி 24-இல், தஞ்சையிலேயே அவர் காலமானார்.