கானகத்தின் சான்றாளர்

வழக்கு மன்றத்திலே சான்று கூறுவோன், தான் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுதல் வேண்டும். அவன் பிறழ்ந்தால் நீதியும் பிறழும். காடும் அங்கு வாழும் விலங்கும் பறவையும் வாய் திறந்து தம் குறையைச் சொல்ல வல்லன அல்ல. ஆகவே, அவற்றின் பொருட்டு உண்மை உரைக்கும் சான்றாளர் தேவைப்படுகின்றனர். அவ்வரிய பணியை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் எழுதுகோலாலும் நிழற்படக் கருவியாலும் ஆற்றியவர் மா. கிருஷ்ணன் ஆவார்.

கிருஷ்ணன் 1912 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30 ஆம் நாள் திருநெல்வேலியிலே பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை இயற்றிப் புகழ்பெற்ற அ. மாதவையா அவருடைய தந்தையார். உடன்பிறந்தார் எண்மருள் இவரே கடைக்குட்டி. மாதவையா சென்னை மயிலாப்பூரில், அந்நாளில் எட்வர்டு எலியட்ஸ் சாலை என வழங்கிய இன்றைய இராதாகிருஷ்ணன் சாலையில், இல்லம் அமைத்து வாழ்ந்தார். அக்காலத்து மயிலாப்பூர் இன்றுபோல் கட்டடம் நெருங்கிய இடமன்று. வீட்டைச் சுற்றிப் புதர்க்காடுகள் மண்டிக் கிடந்தன. அங்கே பறவைகள் பாடின, நரிகள் திரிந்தன, வெளிமான்கள் மேய்ந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்து மகிழ்ந்தான். அப்புதர்க்காடே அவனுக்கு முதற் பள்ளிக்கூடம் ஆயிற்று.

1925 ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழ்க் கல்வியின் பொருட்டுப் பேசி அமர்ந்த மாதவையா, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தந்தையை இழந்தும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. மாநிலக் கல்லூரியிலே தாவரவியல் பயின்றார். அங்குப் பேராசிரியராய் விளங்கிய பைசன் என்னும் ஆங்கிலேயர், அவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உடன் அழைத்துச் சென்று மலைச் செடிகளை அறிமுகம் செய்தார். பேராசிரியரின் துணைவியாரிடம் கிருஷ்ணன் வண்ண ஓவியம் தீட்டவும் கற்றார். பின்னர்ச் சட்டமும் படித்துப் பட்டம் பெற்றார்.

பட்டங்கள் இருந்தும் நிலையான வேலை எளிதில் வாய்க்கவில்லை. சில காலம் பத்திரிகைகளுக்கு எழுதியும் படம் வரைந்தும் பொருள் ஈட்டினார். 1942 ஆம் ஆண்டில் பெல்லாரிக்கு அண்மையிலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் பணி ஏற்றார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியற் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். அலுவல் ஒழிந்த நேரமெல்லாம் சுற்றியிருந்த குன்றுகளிலும் காடுகளிலும் கழிந்தது. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் அவர் சென்னைக்கு மீண்டார். அப்பொழுது அவர் வேறொரு வேலையை நாடி அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும், எழுத்தையும் நிழற்படத்தையுமே நம்பி வாழத் துணிந்தார். மாதந்தோறும் வரும் சம்பளத்தைத் துறந்து, வருவாய் உறுதியற்ற அவ்வழியைக் குடும்பத் தலைவர் ஒருவர் தேர்ந்தமை அந்நாளில் அரிய செயலாகும்.

1950 ஆம் ஆண்டில், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் அவர் இயற்கை பற்றிய கட்டுரைத் தொடரைத் தொடங்கினார். யானையும் புலியும் மட்டுமன்றி, அணில், காகம், ஓணான் முதலிய எளிய உயிர்களும் அதில் இடம் பெற்றன. கட்டுரைகளுக்கு உரிய சித்திரங்களையும் அவரே வரைந்தார். தமிழிலும் பல கட்டுரைகள் எழுதினார்.

அவர் பயன்படுத்திய நிழற்படக் கருவி கடையில் வாங்கிய வண்ணமே அமைந்ததன்று. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளையும் ஆடிகளையும் இணைத்துத் தாமே அதனை உருவாக்கினார். பருமனும் பாரமும் மிக்க அக்கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். அதனைச் சுமந்து கால்நடையாகவும் யானைமீது அமர்ந்தும் காடுகளில் திரிந்தார். வண்ணப்படம் பெருகிய பின்னரும் கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். விலங்கின் உருவமும் நடையும் உள்ளபடி விளங்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

1968 ஆம் ஆண்டில் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. அதன் துணையுடன் இந்தியத் தீபகற்பத்துப் பெருவிலங்குகளின் நிலையை ஆராய்ந்தார். அணைகளும் பயிர்த்தோட்டங்களும் காட்டினுள் புகுவதையும், அயல்நாட்டுப் புதர்கள் பரவி உள்நாட்டுச் செடிகளை நெருக்குவதையும், அதனால் விலங்குகளின் உணவும் வழியும் குறைவதையும் அவர் கண்டார். 1959 முதல் 1970 வரையிலான நிலையைக் கூறும் அவ்வாய்வு, 1975 ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் நூலாக வெளியிடப்பெற்றது. ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் கோயில்களிலும் கலைகளிலும் இருப்பதுபோல, அதற்கே உரிய மரங்களிலும் உயிர்களிலும் உளது என்பது அவர் உறுதியான கொள்கை. அதனால் அயல்நாட்டு மரங்களை நட்டுப் பெருமை கொள்வதை அஞ்சாது கண்டித்தார்.

இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராயிருந்து அரசுக்கு அறிவுரை கூறினார். 1970 ஆம் ஆண்டில் ‘பத்மஸ்ரீ’ விருது பெற்றார். எனினும், விருது வழங்கிய அரசின் செயல்களிலும் குறை கண்டால் வெளிப்படையாகக் கூறத் தயங்கினாரல்லர்.

காலம் செல்லச் செல்ல, அவர் விளையாடிய மயிலாப்பூர்ப் புதர்க்காடுகள் மறைந்து வீதிகளும் மாடங்களும் எழுந்தன. அங்கு மேய்ந்த வெளிமான்களின் இனத்தை இன்று சென்னை நகரினுள் காண விரும்புவோர், கிண்டித் தேசியப் பூங்காவையும் அதனை அடுத்த நிலத்தையுமே நாடல் வேண்டும். தம் வீட்டு வாயிலிலேயே நிகழ்ந்த இம்மாறுதல், நாட்டின் பிற பகுதிகளுக்கும் நேரும் என்பதை அவர் நன்குணர்ந்தார். எஞ்சியிருப்பவற்றை உள்ளபோதே பதிவு செய்ய வேண்டும் என்னும் விரைவு அவருடைய உழைப்பில் விளங்குகின்றது.

1996 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில் கிருஷ்ணன் காலமானார். நாற்பத்தாறு ஆண்டுகள் இடையறாது வந்த அவர் தொடரின் இறுதிக் கட்டுரை, அன்றைய நாளிதழில் அச்சாகியிருந்தது. சான்றாளர் மறைந்தார், சான்று நின்றது. முன்பு இருந்தது யாது, இன்று இழந்தது யாது என்று ஆராய்வோர்க்கு அவருடைய படங்களும் எழுத்துகளும் என்றும் துணை செய்வனவாம்.

நெடுந்தொலைவு சென்றே இயற்கையைக் காணல் வேண்டும் என்பதில்லை. நம் தெருவில் நிற்கும் வேம்பையும் அதில் கூடு கட்டும் காகத்தையும் பொறுமையுடன் நோக்கி, கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தல் நம் அனைவர்க்கும் இயலும். கிருஷ்ணன் தொடங்கியதும் அவ்வாறேயாகும்.