நாமகிரித் தாயாரும் கணித மேதை ராமாநுஜனும்

ஸ்ரீ:

தெய்வத்தின் திருவருள் ஒருவர் வாழ்வில் அற்புதமாய் வெளிப்பட்டதென்று கேட்டவுடன், அதனை அப்படியே ஏற்பவர் ஒரு சாரார். அறிவுக்கு ஒவ்வாதென்று தள்ளுபவர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நின்று சிந்திக்கத் தக்கது, கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் சரிதம்.

நாமக்கல்லில் குன்றைக் குடைந்தமைத்த ஸந்நிதியில் எழுந்தருளியுள்ள நரஸிம்ஹப் பெருமானின் திவ்ய மஹிஷி நாமகிரித் தாயார். ராமாநுஜனின் தாயார் கோமளத்தம்மாளின் குடும்பத்தார் அத்தாயாரையே குலதெய்வமாகக் கொண்டவர்கள். மணமாகிச் சில ஆண்டுகள் மகப்பேறில்லாதிருந்த கோமளத்தம்மாளுக்காக நாமகிரித் தாயாரிடம் வேண்டிக்கொண்டனர். தம் மகள் வயிற்றுப் பிள்ளையின் வாயிலாகத் தாயார் பேசுவாள் என்று பாட்டியார் ரங்கம்மாள் சொல்லிவைத்ததாகக் குடும்பத்தில் ஒரு செய்தி வழங்கிவந்தது. 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் மாதாமஹர் இல்லத்தில் குழந்தை பிறந்தது. எம்பெருமானாரின் திருநாமத்தையே அதற்குச் சூட்டினர்.

தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதிவந்தார். ஸாரங்கபாணி ஸந்நிதித் தெருவில் சிறிய ஓட்டு வீடு. பள்ளி மாணவராயிருக்கையில், கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று ராமாநுஜன் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிபுகளை அடுக்கிவைத்து, நிரூபணங்களைப் பெரும்பாலும் குறிப்பளவில் சொல்லிச் செல்லும் நூல் அது. அதன் பின் அவருக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. உபகாரச் சம்பளத்தை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், மற்றப் பாடங்களில் தேறாமையால், 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. தேர்வில் தவறினார். காகிதம் வாங்க இயலாத வறுமையில் பலகையிலேயே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிபை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார்.

இம்முடிபுகள் எங்கிருந்து வந்தன என்று நண்பர்கள் வினவியபோது, நாமகிரித் தாயாரின் அநுக்ரஹம் என்றே அவர் விடையளித்தார். கனவில் நரஸிம்ஹனின் அடையாளமாக உதிரத் துளிகள் தோன்றும் என்றும், பின்னர்ச் சுவடிகள் விரிவதுபோல் கணிதம் கண்முன் விரியும் என்றும் அவர் கூறியதாக நெருங்கிப் பழகியோர் எழுதிவைத்துள்ளனர்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவானார். 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம், கணித உலகில் என்றும் பேசப்படுவது. ஹார்டி அவரை அழைத்தார். கடல் கடந்தால் ஜாதிப் பிரஷ்டம் என்று கருதப்பட்ட காலம் அது, கோமளத்தம்மாள் இசையவில்லை. பின்னர், ஐரோப்பியர் நிறைந்த மண்டபத்தில் தம் மகன் அமர்ந்திருப்பதாகவும், அவனுக்குத் தடையாய் நிற்கவேண்டாம் என்று நாமகிரித் தாயார் பணிப்பதாகவும் கனாக் கண்டு, அவ்வம்மையார் இசைந்தார் என்பர். 1914 மார்ச் 17-ஆம் நாள் ராமாநுஜன் கப்பலேறினார்.

அங்கே அவர் சந்தித்த ஹார்டி தெய்வ நம்பிக்கை இல்லாதவர். நிரூபணமின்றி எதனையும் ஏற்காதவர். முதற் கடிதங்களில் ராமாநுஜன் எழுதியவற்றுள் வியக்கத் தக்கவை பல இருந்தன, பிழைபட்டதும் இருந்தது. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு அவர் தந்த வாய்பாடு, அவர் கருதிய அளவுக்குத் துல்லியமன்று என்று ஹார்டியும் லிட்டில்வுட்டும் காட்டினர். அகக்கண்ணில் தோன்றியது அனைத்தும் மெய்யாகிவிடவில்லை. ஆனால் இதனால் ராமாநுஜன் தாயாரிடம் கொண்ட பக்தியைக் கைவிடவுமில்லை. பக்தியைக் காட்டி நிரூபணத்தை மறுக்கவுமில்லை. கேம்பிரிட்ஜில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் நிரூபணத்துடன் வந்தன. தாமே சமைத்துண்டு, சைவ உணவு நியமத்தைக் கைவிடாமலிருந்தவரும், கோயில் பக்கமே செல்லாதவரும் ஒரே மேசையில் அமர்ந்து பணிபுரிந்தனர்.

அவ்வுழைப்பின் சிகரம் எண்களின் பிரிவினை பற்றிய வாய்பாடு. 4 என்னும் எண்ணைக் கூட்டற் பகுதிகளாக 5 வகையில் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை வகையில் பிரிக்கலாம்? மக்மஹோன் என்னும் அறிஞர் இதனைக் கையாலேயே கணக்கிட்டு 39,72,99,90,29,388 என்று கண்டார். ஹார்டி-ராமாநுஜன் வாய்பாட்டில் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது, ஆயிரத்தில் நாலு பங்கு வேறுபாட்டில் அதே எண் கிடைத்தது. 1918-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினராகவும், டிரினிடி கல்லூரியின் உறுப்பினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

இந்த இடத்தில் பக்தர் மனத்தில் எழும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. எண்களை அருளிய தாயார் ஆயுளை ஏன் அருளவில்லை? 1917-இல் தொடங்கிய நோயுடன் 1919 மார்ச்சில் தாயகம் திரும்பிய ராமாநுஜன், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில், 32-ஆம் வயதில் பரமபதித்தார். கடல் கடந்தவர் என்பதனால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை என்பது வேதனை. க்ஷய ரோகம் என்றே அன்று சிகிச்சை செய்தனர். பிற்காலத்தில் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் ஒருவர், அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாயிருக்கலாம் என்றும், சரியாக அறியப்பட்டிருந்தால் அக்கால மருந்தினாலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்றும் 1994-இல் எழுதினார். அந்த முடிவு சரியாயின், அங்கே குறைந்தது அருளன்று. மனிதர் செய்யவேண்டிய ஆராய்ச்சியே.

எம்பெருமானார் ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என மூன்று ப்ரமாணங்களை அங்கீகரித்தார். ஈச்வரனை வெறும் அநுமானத்தால் நிலைநாட்ட இயலாது, சாஸ்த்ரமே அதற்குப் ப்ரமாணம் என்று ஸ்ரீபாஷ்யத்தில் ஸாதித்தார். ஆயினும் கண்ணும் யுக்தியும் அறியக்கூடிய இடத்தில் அவற்றை அவர் தள்ளவில்லை. கனவைப் பற்றியும் அங்கே ஆராய்ச்சி உண்டு. கனவுப் பொருள்கள் எம்பெருமான் படைப்பவையே. ஆனால் கண்டவன் ஒருவனுக்கு மட்டும், அந்த நேரத்தளவுக்கு மட்டும் படைக்கப்பட்டவை என்பது அவருடைய ஸித்தாந்தம். ராமாநுஜனின் சரிதத்துக்கு இதுவே திறவுகோல். அவர் கனவு அவர் ஒருவருக்கே உரியது. அதனைப் பிறர் பார்க்கவோ பொய்யென்று தள்ளவோ இயலாது. அக்கனவிலிருந்து எழுந்த கணிதமோ அனைவர்க்கும் பொதுவானது. பொதுவில் வைக்கப்பட்டது பொதுவான அளவுகோலால் அளக்கப்படவேண்டும்.

அவ்வாறே அது அளக்கப்பட்டது. 1916-இல் அவர் ஊகித்த ஒரு முடிபைத் தெலிஞ் என்னும் பெல்ஜிய அறிஞர் 1974-இல் நிரூபித்தார். கடைசி ஆண்டில், நோய்ப்படுக்கையில் எழுதிய தாள்களை 1976-இல் டிரினிடி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். ராமாநுஜனின் நோட்டுப் புத்தகங்களிலுள்ள முடிபுகளை ஒவ்வொன்றாய் நிரூபித்துப் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மெய்யென்றே தேர்ந்தன. சில தவறென்றும் காணப்பட்டன. தேர்ந்தது கண்டு பக்தர் மகிழலாம். தவறியது கண்டு கலங்கவேண்டியதில்லை. ஸூர்யன் ஒளி தந்தாலும், பார்ப்பவன் கண் தன் வலிமைக்கேற்பவே காணும்.

கோவிலம்பாக்கத்தில் உத்ஸவம் ஸேவிக்க வரும் அன்பர் இல்லங்களிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். வடக்கே தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், சேப்பாக்கத்தில் ராமாநுஜன் பெயர் தாங்கிய கணித நிலையமும் உள்ளன. தேர்வுக்கு முன் தாயார் ஸந்நிதியில் கைகூப்பும் குழந்தையைத் தடுக்கவேண்டாம். ஆனால் அக்கை கீழிறங்கியதும் பலகையைத் தொடவேண்டும். விடை வந்ததும் வழியையும் எழுதிக் காட்டவேண்டும். தவறென்று ஆசிரியர் சுட்டினால் நாணாமல் திருத்திக்கொள்ளவேண்டும். கும்பகோணத்து ஓட்டு வீட்டுப் பிள்ளை செய்தது அவ்வளவே. அற்புதத்தை நம்பியவர், அறிவின் சோதனைக்கு அஞ்சவில்லை.

நாமகிரித் தாயார் திருவடிகளே சரணம்.