பெஞ்சமின் ராபின்ஸ்: கடலூரில் மறைந்த கணித மேதை

பணி ஓய்வுக்குப் பிறகு பெங்களூரு ஈஜிபுராவில் என் பிள்ளையின் அகத்தில் இருந்து வருகிறேன். காலையில் நடந்து போகும் தெருவில் ஒரு சிறிய லேத் பட்டறை உண்டு. அங்கே இருக்கும் டர்னர் ஒரு பம்பு ஷாஃப்டை ஃபோர் ஜா சக்கில் மாட்டி, டயல் கேஜின் முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கம் இறுக்கி, மறுபக்கம் தளர்த்தி மையத்துக்குக் கொண்டுவருவார். முள் அசையாமல் நிற்கும் வரை மோட்டாரைப் போடமாட்டார். நான் பத்து நிமிஷமாவது நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். பால் வாங்கப் போன மனுஷரைக் காணோமே என்று என் மாட்டுப்பெண் பேரனை அனுப்பித் தேடியதும் உண்டு.

இது உத்தியோகத்தில் வந்த பழக்கம். மத்திய அரசில் தளவாடங்களைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்தபோது, ரைஃபிள் குழல் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. குழலின் உள்ளே நீளவாட்டில் முறுக்கிக்கொண்டு போகும் சன்னமான காடிகள் இருக்கும். குண்டு அவற்றில் சிக்கிச் சுழன்றபடி வெளியே வரும். குழலின் பின்கோடியில் தோட்டா உட்காருவதற்கான அறையைக் குடைவதுதான் கடினமான கட்டம். குழலை லேத்தில் மாட்டி, துளைக்குள்ளேயே டயல் கேஜின் விரலை விட்டு மையம் பார்ப்பார்கள். பிறகு மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டு, ரீமரைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவதும், வெளியே எடுத்துத் துகளைத் துடைப்பதுமாக வேலை நடக்கும். கடைசியில் இரண்டு அளவுக் கேஜ்கள். ஒன்றை வைத்தால் பூட்டு மூட வேண்டும். மற்றொன்றை வைத்தால் மூடக்கூடாது. (இதெல்லாம் லைசென்ஸ் பெற்ற இடங்களில் மட்டும் நடக்கிற காரியம். நம் ஈஜிபுரா பட்டறையில் பம்பு ஷாஃப்ட்தான்!)

அறை துளையோடு ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் குண்டு காடிக்குள் சாய்வாக நுழையும். சாய்ந்து நுழைந்த குண்டு தள்ளாடிக்கொண்டே போகும். சுழற்சியின் அச்சும் பயணத்தின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இந்த விஷயத்தை முதன்முதலில் விஞ்ஞான ரீதியில் விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் பிறந்தது இங்கிலாந்தில். இறந்தது என் சொந்த ஊரான கடலூரில். சிதம்பரத்தில் நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த நாட்களில், ஊசலில் துப்பாக்கிக் குண்டு பாய்கிற கணக்கைப் பத்து தடவையாவது போட்டிருப்பேன். அந்த ஊசலைக் கண்டுபிடித்தவர் என் அகத்திலிருந்து சைக்கிள் தூரத்தில் காலமானார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்குமேல் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆதங்கம்தான் இதை எழுத வைக்கிறது.

ராபின்ஸ் 1707-ல் பாத் நகரில் பிறந்தார். தகப்பனார் தையல் வேலை செய்த ஏழை, குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். யுத்தமே கூடாது என்பது அந்தப் பிரிவின் கொள்கை. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் பீரங்கி சாஸ்திரத்தின் மூலபுருஷர் ஆனது விசித்திரம்தான். பையனின் கணித புத்தியைப் பார்த்த சிலர் அவரை லண்டனில் இருந்த பெம்பர்ட்டனிடம் அனுப்பிவைத்தார்கள். பெம்பர்ட்டன், நியூட்டனின் பிரின்சிபியா மூன்றாம் பதிப்பைப் பரிசோதித்து வெளிக்கொணர்ந்தவர். 1727-ல், இருபதே வயதில், ராபின்ஸ் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். டியூஷன் சொல்லிக்கொடுத்து ஜீவனம் நடத்தினார். வாதம் என்று வந்தால் விடமாட்டார். 1739-ல் மகா மேதையான ஆய்லரின் நூலையே குறை சொல்லி ஒரு புத்தகம் போட்டார்.

அதே சமயத்தில் பிரதம மந்திரி வால்போலை எதிர்த்து அரசியல் பிரசுரங்களும் எழுதினார். உத்தியோகம் தேடுகிறவர் செய்யக்கூடாத காரியம் என்று என்னைப் போன்ற சர்க்கார் ஊழியனுக்குத் தோன்றும். 1741-ல் வூல்விச்சில் ராணுவக் கலாசாலை ஆரம்பித்தபோது அவர் கணித ஆசிரியர் பதவிக்கு முயன்றார். தகுதியில் அவருக்கு ஈடு யாரும் இல்லை. ஆனால் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அரசியல்தான் காரணம் என்பது பொதுவான அபிப்பிராயம்.

அந்தப் பதவிக்காகத் தயாரித்து வைத்திருந்த விஷயங்களை அவர் வீணாக்கவில்லை. 1742-ல் அவற்றைப் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் பற்றிய நூலாக வெளியிட்டார். அளவில் சிறிய புத்தகம்தான். அதுவரை பீரங்கிக்காரர்கள் குண்டு பரவளையப் பாதையில் போகிறது என்ற கலிலியோவின் கணக்கையே நம்பிவந்தார்கள். காற்றின் தடையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ராபின்ஸ் அளந்து பார்த்தார். சுமார் 56 பவுண்டு எடையுள்ள ஊசலைத் தொங்கவிட்டு, அதில் முக்கால் அங்குலக் குண்டைச் சுட்டார். ஊசல் எவ்வளவு பின்னால் போயிற்று என்பதை ஒரு நாடா காட்டும். அதிலிருந்து குண்டின் வேகம் வினாடிக்கு 1,600 அடிக்கு மேல் என்று கணக்கிட்டார். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை உலகம் உருப்படியாக அறிந்தது அப்போதுதான். ஊசலைத் தூரத்தில் வைத்தும் சுட்டு, வழியில் எவ்வளவு வேகம் குறைந்தது என்று பார்த்தார். அந்த வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப் போல் 120 மடங்கு என்று தெரிந்தது! பதினாறு மைல் போக வேண்டும் என்று பரவளையக் கணக்கு சொல்லும் 24 பவுண்டு குண்டு, நிஜத்தில் மூன்று மைல்கூடப் போவதில்லை.

பெர்லினில் இருந்த ஆய்லர் 1745-ல் இந்த நூலைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, மூல நூலைவிடப் பல மடங்கு நீளமான உரையும் எழுதினார். தம்மைக் குறை சொன்னவரின் புத்தகம் என்று ஒதுக்காத அந்தப் பெருந்தன்மையை எத்தனை முறை நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. பிற்காலத்தில் நெப்போலியன் இளம் பீரங்கி அதிகாரியாக இருந்தபோது ராபின்ஸின் நூலைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டார். 1746-ல் ராயல் சொஸைட்டி ராபின்ஸுக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

இனி குழல் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணத் துப்பாக்கியில் உருண்டைக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். வெளியே வரும்போது குழலின் ஏதாவது ஒரு பக்கத்தில் உரசி, அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி சுழலும். சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். இதை நிரூபிக்க ராபின்ஸ் ஒரு குழலின் நுனியை இடதுபுறம் வளைத்து, வரிசையாகக் கட்டிய மெல்லிய காகிதத் திரைகளின் வழியே சுட்டார். குண்டு முதலில் இடது பக்கம் போய், பிறகு தானாகவே வலது பக்கம் திரும்பியதைத் துளைகள் காட்டின. ஆய்லர் மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்று இதற்கு, 1852-ல் ஆராய்ந்த மேக்னஸின் பெயர்தான் வழங்குகிறது. நம் பெங்களூரு பிரசன்னாவின் பந்து காற்றிலேயே நகர்ந்து ஆட்டக்காரரை ஏமாற்றியதும் இதே விசையால்தான்.

1747-ல் ராயல் சொஸைட்டியில் படித்த கட்டுரையில் ராபின்ஸ் காடி வெட்டிய குழல்களை எடுத்துக்கொண்டார். ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து வேட்டைக்காரர்கள் வெகுகாலமாக அவற்றை உபயோகித்து வந்தார்கள். ஆனால் காரணம் தெரியாது. குண்டு திருகாணி மாதிரி காற்றைத் துளைத்துக்கொண்டு போகிறது என்றுகூடச் சொல்லிவந்தார்கள். அது இல்லை என்றார் ராபின்ஸ். காடி, குண்டைப் பயணத் திசையையே அச்சாகக் கொண்டு சுழல வைக்கிறது. அதனால் பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு இடமில்லை என்று விளக்கினார். உருண்டைக்குப் பதில் முட்டை வடிவக் குண்டு நல்லது என்றும், வாய்வழியாக இடித்துத் திணிப்பதைவிடப் பின்பக்கமாக நிரப்பும் ஏற்பாடே சிறந்தது என்றும் யோசனை சொன்னார். இதை எந்த தேசம் முதலில் நன்றாகப் புரிந்துகொண்டு தன் படைக்குத் தருகிறதோ அதற்குப் பெரும் மேன்மை கிடைக்கும் என்று எழுதிவைத்தார். தேசங்கள் அவசரப்படவில்லை.

1749 கிறிஸ்துமஸ் சமயத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை எஞ்சினியராக அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். வழியில் கப்பல் உடையும் நிலைக்குப் போய்த் தப்பித்தது. 1750 ஜூலை 13 அன்று கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் போனதிலிருந்து, அது திரும்பிக் கிடைத்த பிறகும், கம்பெனியின் தலைமை இடம் இந்தக் கோட்டைதான். இதைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு, கதையல்ல, சரித்திரம். 1690-ல் மராட்டியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். நாலா திசையிலும் சுட்டு எல்லை வகுத்தார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று உலகத்துக்குக் கணக்குச் சொன்ன மனிதர் வந்து இறங்கிய இடம் இதுதான்!

வந்ததும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் முழுமையான புனரமைப்புத் திட்டங்களைத் தயாரித்தார். செப்டம்பரில் கடும் ஜுரம் கண்டு பிழைத்தார். சில மாதங்களில் மறுபடி உடல் தேய ஆரம்பித்தது. கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோதே, கையில் பேனாவுடன், 1751 ஜூலை 29 அன்று உயிர் பிரிந்ததாக அவருடைய சரித்திரத்தில் காண்கிறது. வயது 44. கல்யாணம் ஆகவில்லை. அடுத்த மாதம் கிளைவ் ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். சரித்திரப் புத்தகங்களும் அவர் பின்னாலேயே போய்விட்டன. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

பிரிட்டிஷ் காலாட்படைக்குக் காடி வெட்டிய துப்பாக்கி பரவலாகக் கிடைக்க இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. காடியில் இறுக்கமாக உட்காரும் குண்டை வாய்வழியாகத் தள்ளுவது கஷ்டம், நேரம் பிடிக்கும். கையால் ஒவ்வொரு காடியாக இழைத்து ஆயிரக்கணக்கில் குழல் செய்யவும் முடியாது. மாட்ஸ்லே போன்றவர்களின் துல்லியமான லேத்துகளும், குழலுக்குள் போனபின் விரிந்து காடியைப் பிடிக்கும் குண்டும் வந்த பிறகுதான் 1853-ஆம் வருட என்ஃபீல்டு சாத்தியமாயிற்று. அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு 1857-ல் நம் தேசத்தில் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1866-ல் அதே என்ஃபீல்டின் பின்பக்கத்தைத் திறந்து தோட்டா அறை அமைத்தார்கள். ராபின்ஸ் கேட்டதும் அதுதான்.

சென்ற வருஷம் ஒரு சீமந்தத்துக்காகக் கடலூர் போனபோது பேரனை அழைத்துக்கொண்டு கெடிலம் கரையில் உள்ள கோட்டை இடிபாடுகளைப் பார்த்துவந்தேன். ராபின்ஸ் பெயரில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. ஈஜிபுரா திரும்பியதும் அந்த டர்னரிடம் இவர் கதையைச் சொன்னேன். கையில் கேஜை வைத்துக்கொண்டு கேட்டார். வூல்விச்சில் அந்த வேலை கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லையா என்று விசாரித்தார். இல்லை என்றேன். முள்ளை இன்னொரு தரம் பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டார்.