ஒரு நாற்காலியும் ஒன்பது தாலுகாக்களும்

நேசமணின்னு சொன்னா நம்ம ஜெனரேஷனுக்கு முதல்ல ஞாபகம் வர்றது தலையில சுத்தியல் விழுந்த கான்ட்ராக்டர்தான். 'பிரெண்ட்ஸ்' படத்துல வடிவேலு பண்ணின கேரக்டர். 2019 மே மாசம் அந்தப் பேருக்காக உலகமே பிரார்த்தனை பண்ணி ட்ரெண்ட் ஆக்குச்சு. ஆனா கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க கிட்ட நேசமணின்னு சொல்லிப் பாருங்க. அவங்களுக்கு வேற ஒருத்தர் ஞாபகம் வருவார். 1997 வரைக்கும் அந்த மாவட்டத்துல ஓடின அரசு பஸ்ல எல்லாம் அவர் பேர்தான் இருந்தது, நேசமணி போக்குவரத்துக் கழகம். மார்த்தாண்டத்துல அவர் பேர்ல ஒரு கிறிஸ்தவக் கல்லூரி இன்னிக்கும் இருக்கு. தமிழ்நாடு மேப்போட தெற்கு நுனி நமக்கு வந்ததுல பெரிய பங்கு அவருக்கு உண்டு.

அவர் பெயர் ஏ. நேசமணி. மக்கள் மார்ஷல் நேசமணின்னு கூப்பிட்டாங்க. அவர் ராணுவத்துல இருந்தவர் இல்ல, வக்கீல். 1895 ஜூன் 12ல பள்ளியாடி என்ற ஊரில் பிறந்தார். இப்போ அது குமரி மாவட்டம், அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம். திருவனந்தபுரத்துல இருந்து ஒரு மகாராஜா ஆண்ட சின்ன ராஜ்ஜியம். அதோட தெற்குப் பகுதியில் பெரும்பாலும் தமிழ் பேசினாங்க. ஆட்சி, கோர்ட், அதிகாரம் எல்லாத்துக்கும் திருவனந்தபுரத்தைத்தான் பார்க்கணும்.

அந்தப் பகுதிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1806ல ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் லண்டன் மிஷனுக்காக மயிலாடிக்கு வந்தார். அதுக்கப்புறம் சர்ச்சும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தது. நாடார் மக்கள் நிறைய பேர் புராட்டஸ்டண்ட் ஆனாங்க. அந்தப் பெண்கள் மேலாடை போடறதுக்கே பல வருஷம் அடிபட வேண்டியிருந்தது. 1859ல தான் அரசாங்கம் அதுக்கு அனுமதி கொடுத்தது. நேசமணி இந்த சமூகத்துலதான் பிறந்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்து, சட்டப் பட்டம் வாங்கி, 1921ல நாகர்கோவில் கோர்ட்டுக்குள்ள வக்கீலா நுழைந்தார்.

அன்னிக்கு நடந்ததா அந்த ஊர்ல இன்னிக்கும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. கோர்ட்டுல மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மத்தவங்களுக்கு முக்காலி. தண்ணிப் பானையும் தனித்தனி. நேசமணி அந்த முக்காலியை எட்டி உதைத்துவிட்டு, நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாராம். தனிப் பானைகளையும் உடைத்தாராம்.

இந்தக் கதையில கவனிக்க வேண்டியது உதைச்சதை இல்ல. மதம் மாறி அவங்க குடும்பங்களுக்குப் பல வருஷம் ஆச்சு. பள்ளிக்கூடம் கிடைச்சது, டிகிரி கிடைச்சது, கறுப்பு கவுனும் கிடைச்சது. ஆனா உட்காரப் போனா முக்காலி. சர்ச் அவருக்குப் படிப்பைக் கொடுத்தது. நாற்காலியை அவரே போட வேண்டியிருந்தது. அவரோட பிற்கால அரசியல் முழுக்க இதே கேள்விதான்னு எனக்குத் தோணுது: இந்த இடத்துல சமமா உட்கார யாருக்கு உரிமை?

அடுத்த இருபது வருஷத்துல அவர் அந்தப் பகுதியின் பெரிய வக்கீல்களில் ஒருவரானார். 1943ல வக்கீல் சங்கத் தலைவர், நாகர்கோவில் நகராட்சித் தலைவர், சமஸ்தான சட்டசபை உறுப்பினர். இதோட நின்னிருந்தாலும் ஒரு வசதியான வாழ்க்கைதான்.

ஆனா 1945ல நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன அமைப்பு உருவாச்சு. அடுத்த வருஷமே அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்னு பேர் மாத்திக்கிட்டது. தமிழ் பேசற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும் என்பதுதான் அதன் கோரிக்கை. 1947ல நேசமணி அதில் சேர்ந்தார், சீக்கிரமே அதன் முகமானார். 1948 தேர்தலில் அந்தக் கட்சி 18 இடத்துல நின்னு 14 ஜெயித்தது. 1952ல நாகர்கோவில் தொகுதியில் இருந்து நேசமணி லோக்சபாவுக்குப் போனார்.

இந்தக் கட்சியோட தலைவர்கள் பட்டியலைப் பாருங்க. நேசமணி புராட்டஸ்டண்ட். அப்துல் ரசாக் முஸ்லிம். தாணுலிங்க நாடார் இந்து. இன்னிக்கு குமரி மாவட்டத்துல, 2011 கணக்குப்படி, கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 சதவீதம், இந்துக்கள் 49 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இப்படி ஒரு ஊர்ல மதத்தை வச்சு ஓட்டுக் கேக்கறது ரொம்ப ஈஸி. நேசமணி அந்த ஓட்டைக் கேக்கல, மொழியை வச்சுக் கேட்டார். அவருக்குள்ள பெருமாளும் இயேசுவும் சண்டை போட்டாங்களான்னு நமக்குத் தெரியத் தேவையில்ல. மேடையில சண்டை வராம பார்த்துக்கிட்டார், அது போதும். இதுக்காக அவங்க எல்லாரும் ஒரே குரலா இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. கட்சிக்குள்ள கோஷ்டிச் சண்டை இருந்தது. நாடார் மக்கள்தான் அதோட முதுகெலும்பு, மத்த எல்லா சாதியும் அதே வேகத்துல வரல.

அவங்க கேட்டது ஒன்பது தாலுகா. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். இதுல முதல் நாலும்தான் இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச கன்னியாகுமரி மாவட்டம்.

1954 முக்கியமான வருஷம். தேவிகுளம், பீர்மேடு பக்கம் எஸ்டேட் தமிழர்கள் மேல கெடுபிடி அதிகமாச்சு. ஜூலையில நேசமணியும் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் மூணாறு போய், தடையை மீறி, கைதானாங்க. ஆகஸ்ட் 11ல தெற்கே விடுதலை நாள்னு ஊர்வலம் நடந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் செத்துப்போனாங்க. அப்போ ஆட்சியில இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையோட பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளரா இருந்த ராம் மனோகர் லோகியா, தன் கட்சி அரசே ராஜினாமா செய்யணும்னு கேட்டார். அவங்க கேக்கல. ஆனா 1955 பிப்ரவரியில அந்த அரசு கவிழ்ந்தது.

அதே சமயத்துல டெல்லியில மாநிலச் சீரமைப்பு கமிஷன் வேலை பார்த்துக்கிட்டு இருந்தது. பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர்னு மூணு பேர். 1955 செப்டம்பரில் ரிப்போர்ட் வந்தது. தெற்கே நாலு தாலுகாவும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்கு. கடைசியில் செங்கோட்டையிலும் ஒரு பகுதிதான் வந்தது. 1956 நவம்பர் 1ல கோடு போட்டாச்சு. ஒன்பது கேட்டவருக்கு நாலரை கிடைச்சது.

தேவிகுளத்துல தமிழ் பேசறவங்கதான் அதிகம்னு கமிஷனுக்கும் தெரியும். ஆனா அவங்க எஸ்டேட் வேலைக்கு வந்து போறவங்க, அதனால அந்த எண்ணிக்கையை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதுன்னு கமிஷன் கணக்குப் போட்டது. இதை உடனே அநியாயம்னு சொல்லிட முடியாது. நம்ம அணுபுரம் மாதிரி ஒரு டவுன்ஷிப்பை எடுத்துக்குங்க. எத்தனையோ மாநிலக் குடும்பங்கள் வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸ்ல இருக்காங்க. அவங்க வீட்ல என்ன மொழி பேசறாங்கன்னு எண்ணி, இந்த ஊர் எந்த மாநிலம்னு யாரும் முடிவு பண்ண மாட்டாங்க. கமிஷன் பார்த்தது அப்படித்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ரிட்டயர் ஆனா நம்ம டவுன்ஷிப் ஆட்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் உண்டு. மூணாறு எஸ்டேட் லயத்துல ரெண்டு மூணு தலைமுறையா பிறந்து வளர்ந்தவனுக்கு அது இல்ல. நிலம் இருக்கறவன் ஊர்க்காரன், கூலிக்காரன் வந்து போறவன்னு ஆயிடுச்சு. இது அந்த நாகர்கோவில் முக்காலியேதான், மலை மேல கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க. அதை மட்டும் நேசமணியால உதைச்சுத் தள்ள முடியல.

நாம இன்ஜினியரிங் படிக்கறவங்க, அதனால இதோட தண்ணிக் கணக்கையும் பார்த்துடலாம். நேசமணி பிறந்த அதே 1895லதான் முல்லைப் பெரியாறு அணை திறந்தாங்க. அந்த அணை இருக்கறது பீர்மேடு தாலுகாவில. மேப்புல போட்ட கோட்டால அணை அந்தப் பக்கம், பாசனம் இந்தப் பக்கம். தெற்கேயும் அதே கதை. நெய்யாறு அணை கேரளாவில இருக்கு, அதோட இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டுக்குத் தண்ணி தர வேண்டியது. 2004ல இருந்து கேரளா அதை நிறுத்திடுச்சு. மாநில எல்லையை மொழி பார்த்துப் போடலாம், ஆறு மொழி பார்த்து ஓடாது. பேச்சிப்பாறை அணை மட்டும் கல்குளத்தோட சேர்ந்து நமக்கு வந்தது.

இணைப்பு முடிஞ்சதும் நேசமணி ஒரு விஷயம் பண்ணினார். வேலை முடிஞ்ச கட்சியை வச்சுக்கிட்டு இருக்கல. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கலைஞ்சு காங்கிரஸ்ல சேர்ந்தது. எல்லை விஷயத்துல சென்னைக் காங்கிரஸ் ஆரம்பத்துல பெரிய ஆர்வம் காட்டினதில்ல, அந்தக் கோபம் அவர் ஆட்களுக்கு இருந்தது. இருந்தும் சேர்ந்தாங்க. 1962லயும் 1967லயும் நாகர்கோவிலில் இருந்து மறுபடி லோக்சபாவுக்குப் போனார். 1968 ஜூன் 1ல, பதவியில இருக்கும்போதே காலமானார். காலியான அந்த இடத்துக்கு 1969ல இடைத்தேர்தல் வந்தது. விருதுநகர்ல ஒரு மாணவர் தலைவரிடம் தோத்துப்போயிருந்த காமராஜர், நாகர்கோவிலில் நின்னு ஜெயிச்சார். பெருந்தலைவருக்கே உட்கார ஒரு இடம் கிடைச்சது நேசமணி விட்டுப்போன தொகுதியிலதான்.

இதுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லணும். 1982ல மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவர் மோதல் வெடிச்சு உயிர்கள் போச்சு. நேசமணியோட ஒரே மேடையில நின்ன தாணுலிங்க நாடார் பிறகு இந்து முன்னணியின் தலைவரானார். அந்த மேடை அவ்வளவு சீக்கிரம் உடைஞ்சது. மொழி எல்லாரையும் எப்பவும் சேர்த்து வைக்கும்னு நம்பறவங்க இதையும் ஞாபகம் வச்சுக்கணும். நேசமணி காலத்துல அது சேர்ந்து நின்னதுன்னா, அது தானா நிக்கல. ஒருத்தர் தினமும் பிடிச்சு வச்சுக்கிட்டு இருந்தார்.

இப்போ நவம்பர் 1ஐ எல்லைப் போராட்டத் தியாகிகள் நாளா தமிழ்நாடு அரசு கடைப்பிடிக்குது. அன்னிக்கு உங்க ஸ்டேட்டஸ்ல தமிழ்நாடு மேப் போட்டீங்கன்னா, அந்தக் கீழ் நுனியைக் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க. நாலு தாலுகா. மேற்கே மலைப்பக்கம் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்னுபோன எஸ்டேட் லயங்களையும் சேர்த்துப் பாருங்க. நேசமணி இந்த ரெண்டையும்தான் கேட்டார்.