எஸ்.டி. பர்மன்: இந்தி சினிமாவின் இசை மேதை ஒரு ஃபுட்பால் அணிக்காக ஏன் அப்படி உருகினார்?

உலகக் கோப்பை வந்துவிட்டால் கேரளா எப்படி மாறும்னு உங்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் பொன்முடி மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு மாதிரி சின்ன ஊரிலிருந்து கோழிக்கோடு வரைக்கும், அர்ஜென்டினா, பிரேசில் என்று ஒரே வீட்டிலேயே ரெண்டு கட்சி இருக்கும். 2022-ல் கோழிக்கோடு மாவட்டம் புள்ளாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸிக்கு கட்அவுட் வைத்தது உலகச் செய்தியானது.

போய்ப் பார்த்தே இராத நாட்டுக்காக இவ்வளவு பாசம்! அப்படியென்றால், பிறந்து வளர்ந்த ஊரே எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட ஒருவருக்கு, அந்த ஊர்ப் பக்கத்துப் பெயரைச் சுமக்கும் அணி என்னவாக இருந்திருக்கும்? இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மனின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு பார்த்தால் அவரது பாட்டும் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும்.

யார் இந்த எஸ்.டி. பர்மன்?

'ஆராதனா' படம் நினைவிருக்கிறதா? 1969-ல் வந்து தமிழ்நாட்டிலும் ஓடு ஓடென்று ஓடிய இந்திப் படம். பிறகு தமிழில் 'சிவகாமியின் செல்வன்' ஆனது. அந்த 'ஆராதனா'வுக்கு இசை இவர்தான். 'பியாசா', 'கைட்', 'அபிமான்' எல்லாமும் இவருடையதே. இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் இவருடைய மகன்.

முழுப்பெயர் சச்சின் தேவ் பர்மன். 1906 அக்டோபர் 1-ம் தேதி கொமிலாவில் பிறந்தார். இன்றைக்கு அது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா திரிபுரா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர், அம்மா மணிப்பூர் இளவரசி. ஆனால் பையன் காதில் விழுந்தது அரண்மனைச் சங்கீதம் மட்டுமல்ல. கிழக்கு வங்கத்தின் ஆறுகளில் படகோட்டிகள் பாடும் பாட்டும் சேர்ந்தே விழுந்தது. அதற்கு பாட்டியாலி என்று பெயர்.

படிப்புக்காக கல்கத்தா வந்தவர், பார்வையற்ற பாடகரான கே.சி. டே உள்ளிட்டோரிடம் இசை கற்றார். வானொலியில் பாடினார். 1932-ல் முதல் இசைத்தட்டு வந்தது. 1944-ல் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். 1946-ல் 'ஷிகாரி' படத்தின் மூலம் இந்தி சினிமாவுக்குள் நுழைந்தார்.

ஈஸ்ட் பெங்கால் என்றால் வெறும் கிளப்பா?

கல்கத்தாவில் மோகன் பகான் கிளப் 1889-ல் தொடங்கியது. 1911-ல் ஆங்கிலேய ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்று நாடு முழுக்கப் பேர் வாங்கியது. ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்தது 1920-ல். கிழக்கு வங்கத்து ஆட்டக்காரர் ஒருவரை ஜோராபகான் அணி ஒரு போட்டியிலிருந்து ஒதுக்கியதில் வந்த மனஸ்தாபம்தான் காரணம். ஆக, புறக்கணிக்கப்பட்டவர்களின் அணி என்ற எண்ணம் முதல் நாளிலிருந்தே அதில் ஊறியிருந்தது.

1947-ல் பிரிவினை வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து லட்சக்கணக்கானோர் வீடு, நிலம், ஆறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். புது ஊரில் அவர்களுடைய பேச்சைக் கேலி செய்தார்கள். சாப்பாட்டையும் கேலி செய்தார்கள். மைதானத்தில் மட்டும் சிவப்பும் தங்கமும் கலந்த சட்டையோடு பதினொரு பேர் அவர்களுடைய ஊர்ப் பெயரில் ஓடினார்கள்.

இது சமையலறை வரைக்கும் போனது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன் குழம்பு, மோகன் பகான் ஜெயித்தால் இறால். கல்கத்தாவில் இன்றைக்கும் இந்தக் கணக்கு உண்டு. மெல்பர்னில் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் ரசிகர்களிடமும் இதைப் பார்க்கலாம். காலிங்வுட் போன்ற அணிகளுக்குப் பேட்டைகளின் பெயர்தான். குடும்பம் வேறு பகுதிக்கு வீடு மாறினாலும் அணியை மாற்றாது.

தெற்கத்திக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. அப்போது அதன் முன்வரிசையில் ஆடி 'பஞ்ச பாண்டவர்' என்று பேர் வாங்கிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐந்து பேருமே தென்னிந்தியர்கள்.

பம்பாயில் ஒரு ரசிகர்

பர்மன் அகதியாக வந்தவர் அல்ல. பிரிவினைக்கு முன்பே பம்பாயில் செட்டில் ஆகிவிட்டார். ஆனாலும் கொமிலா இனி வேறு நாடு என்ற நிலைமை அவருக்கும் வந்தது. இந்தி சரளமாக வராது. வேட்டி, ஜிப்பா, வாயில் வெற்றிலை என்று கடைசிவரை வங்காளியாகவே இருந்தார். ஈஸ்ட் பெங்கால் மீதான வெறியும் குறையவில்லை.

இதில் அவருக்கு வாய்த்த எதிர்க்கட்சி பாடகர் மன்னா டே. 1965-ல் வந்த 'செம்மீன்' மலையாளப் படத்தில் பாடிய அதே மன்னா டேதான். பர்மனின் குரு கே.சி. டேவுக்கு இவர் அண்ணன் மகன். பர்மனுக்கு உதவியாளராகவும் இருந்தவர். ஆனால் தீவிர மோகன் பகான் ஆள். ரோவர்ஸ் கோப்பைக்காக கல்கத்தா அணிகள் பம்பாய் கூப்பரேஜ் மைதானத்துக்கு வந்தால் இருவரும் பார்க்கப் போவார்கள். வேலையில் குரு, சிஷ்யன் மரியாதை. ஃபுட்பால் என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுப்பது கிடையாது.

பாட்டில் என்ன தெரிகிறது?

மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கான மெட்டுகளைக் கொடுத்த பர்மன், இந்திப் படங்களில் தானே பாடியது குறைவு. அவர் எந்த இடத்தில் பாடுகிறார் என்று கவனியுங்கள். 'சுஜாதா'வில் படகோட்டியின் குரல். 'பந்தினி'யில் அக்கரைக்குப் போகும் படகின் குரல். 'கைட்' தொடக்கத்தில் ஊர் இல்லாத வழிப்போக்கனுக்காகப் பாடுகிறார். மூன்றுமே கிளம்பிப் போகிறவர்களின் பாட்டு. மூன்றிலும் கொமிலாவின் பாட்டியாலி வாசனை அடிக்கும்.

1971-ல் வங்கதேசம் பிறந்த சமயத்தில், அந்த மண்ணின் மேளத்தைக் கொண்டாடும் ஒரு வங்கப் பாட்டையும் பாடினார். எழுதியது கவிஞரும் பாடகியுமான அவருடைய மனைவி மீரா.

கடைசி மேட்ச்

1975-ல் 'மிலி' படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து நினைவிழந்தார். அதே வருடம் செப்டம்பர் 30-ம் தேதி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்தது. இரண்டு அணிகளும் மோதியதில் இதைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை.

நினைவில்லாமல் கிடந்த அப்பாவின் காதருகே ஆர்.டி. பர்மன் இந்த ஸ்கோரைச் சொன்னதும் அவர் கண் திறந்தார் என்று ஒரு கதை உண்டு. பர்மனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். மருத்துவ ரீதியாக அதற்கு என்ன அர்த்தம் என்பது வேறு விஷயம். ஆனால் அவரை எழுப்ப எதைச் சொல்லலாம் என்று யோசித்தபோது, வீட்டாருக்கு எந்தப் பாட்டும் எந்த விருதும் தோன்றவில்லை என்பதைத்தான் இந்தக் கதை சொல்கிறது. 1975 அக்டோபர் 31-ம் தேதி பர்மன் காலமானார்.

அவருடைய பெயர் வேறொரு மைதானத்துக்கும் போனது. மராத்திக் கவிஞர் ரமேஷ் டெண்டுல்கர், பர்மனின் ரசிகர். 1973-ல் மகன் பிறந்தபோது அவர் வைத்த பெயர்தான் சச்சின்.