கணினி படைத்த நரசிம்மன்

டோம்பிவிலியில் தொடர்வண்டி ஏறி, சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கித் தெற்கே சென்றால் கொலாபா வரும். அங்கே கடலோரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கிய முதல் பொதுப்பயன் எண்முறைக் கணினி அந்நிறுவனத்தின் படைப்பாகும். அதனை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர் ரங்கசாமி நரசிம்மன்.

இவர் 1926ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றபின் அமெரிக்கா சென்று, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1954இல் தாயகம் திரும்பி, ஹோமி பாபா நிறுவிய அந்நிறுவனத்தில் சேர்ந்தார்.

அக்காலக் கணினிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. குழாய் ஒன்று பழுதுபட்டாலும் விடை பிழையாகலாம். ஆகவே, குழுவினர் பெரிய பொறியை உடனே கட்டத் தொடங்கவில்லை. சிறிய மாதிரிப்பொறி ஒன்றை 1956இல் இயக்கிப் பார்த்தனர். அதில் பெற்ற பட்டறிவைக் கொண்டே பெரிய கணினியைக் கட்டினர். ஏறத்தாழ 2,700 குழாய்கள் கொண்ட அக்கணினி 1960இல் பணிக்கு வந்தது. 1962இல் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ எனப் பெயர் சூட்டினார்.

இதற்கிடையே, 1961இல் நரசிம்மன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் சென்றார். அணுத்துகள்களின் தடங்கள் பதிந்த ஒளிப்படங்களைக் கணினியே ஆராய வேண்டும் என்பது அங்கு எழுந்த தேவை. புள்ளி புள்ளியாக ஆராய்ந்தால் காலம் போதாது. ஊரார் கூடி வடம் பிடிப்பதுபோல், 1,024 சிறு செயலிகள் ஒருசேர இயங்கும் ‘இல்லியாக் 3’ திட்டத்தில் அவர் பங்காற்றினார்.

1964இல் விரைவுமிக்க அயல்நாட்டுக் கணினி மும்பைக்கு வந்தது. டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. உழைப்பு வீணாயிற்றா? இல்லை. பொறி பழையதாயிற்று, அதனைக் கட்டிப் பழுது நீக்கியவர்கள் பெற்ற அறிவு நிலைத்தது. பின்னாளில், கணினிகளைப் பராமரிக்க அரசு தொடங்கிய நிறுவனத்திற்கு நரசிம்மனே முதல் தலைவரானார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தமிழ் கற்கும் குழந்தையின் பேச்சையும் அவர் ஆராய்ந்தார். பொறியின் பிழையைத் தேடிய அறிஞர், மழலை மொழியாக மாறும் வழியையும் தேடினார். 2007இல் மறைந்தார்.

சொற்பொருள்
பட்டறிவு – அனுபவம்
வடம் – தேரிழுக்கும் கயிறு
மழலை – குழந்தைப் பேச்சு

விடை எழுதுக
1. குழுவினர் முதலில் மாதிரிப்பொறி அமைத்தது ஏன்?
2. ‘இல்லியாக் 3’ எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஒப்புமையை விளக்குக.
3. நீ செய்த பொருள் ஒன்றில் பிழை கண்டு திருத்தியதைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.